கல்லுக்கட்டி பக்கம் வம்சாவளிப் படம் அடித்துத் தரும் கடை: எங்கள் அனுபவம்

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன், அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு போகலாம். வேலை சுத்தம், கொடுத்த காசுக்கு நியாயம், சொன்ன நாளுக்கு நாலு நாள் தாமதம். காரைக்குடியில் கல்லுக்கட்டியிலிருந்து உள்ளே போகும் சந்தில் கல்யாணப் பத்திரிகை, விசிட்டிங் கார்டு, ஃபிளெக்ஸ் எல்லாம் அடிக்கும் சின்னக் கடைதான். வெளியே நின்று பார்த்தால் இப்படி ஒரு வேலை செய்வார்கள் என்றே தெரியாது.

எங்கள் வீட்டுக்காரருக்கு ஆவணியில் சாந்தி, வயது நிறைவுக்குச் செய்யும் கல்யாணம். அதற்காக ஆறடிக்கு நாலடி கேன்வாஸ் துணியில் ஒரு வம்சாவளிப் படம் போட்டோம். இடது பக்கம் தேவகோட்டை, வலது பக்கம் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ். இரண்டு பக்கமும் கீழே இறங்கி என் மகள் பெயரும் மாப்பிள்ளை பெயரும் நிற்கும் இடத்தில் வந்து சேரும்.

நகரத்தார் அல்லாதவர்களும் படிப்பீர்கள் என்பதால் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்களில் கல்யாணம் ஆன ஒரு ஜோடி ஒரு புள்ளி. ஒன்பது நகரக் கோயிலில் ஏதாவது ஒன்றில் அந்தப் புள்ளி இருக்கும், கல்யாணத்துக்குக் கோயிலிலிருந்து மாலை வரும், அதுதான் எங்களுக்குப் பதிவு. என் மகள் கட்டிக்கொண்டது வெள்ளைக்காரப் பையனை. மாலை வரவில்லை, புள்ளியும் கிடையாது. வழக்கம் வழக்கம்தான், யார் மேலும் எனக்கு வருத்தமில்லை, பையனும் தங்கமான பையன். ஆனாலும் கோயில் ஏட்டில் இல்லாத பெயர் வீட்டுச் சுவரிலாவது எழுத்தில் இருக்க வேண்டும் என்று மனசுக்குள் ஒரு ஆசை ரொம்ப நாளாக இருந்தது. அதைச் சொன்னபோது மகள்தான், "ஆத்தா, அவுக பக்கத்து வம்சாவளியும் நானூறு வருஷத்துக்கு இருக்கு, ரெண்டையும் சேர்த்தே போடுவோமே" என்றாள்.

இந்தக் கடைக்கு வருவதற்கு முன்னால் மதுரையில் ஒரு கடையில் கேட்டோம். அவர்கள் எங்கள் பட்டியலைப் பார்க்கவே இல்லை, ஒரு ஆலமரம் படத்தைக் காட்டி "இதில் நாற்பது பெயர்தான் பிடிக்கும், மீதியை வெட்டிடுங்க" என்றார்கள். அப்புறம் இணையத்தில் பணம் கட்டி வம்சாவளி போடும் ஒரு சேவையில் மகள் ஒரு மாதம் சேர்ந்து பார்த்தாள். அது மாப்பிள்ளை வீட்டு மரத்தைத் தானாகவே மேலே மேலே இழுத்துக்கொண்டு போய் ஏதோ ஒரு ஐரோப்பிய ராஜாவிடம் கொண்டு நிறுத்தியது, நடுவில் ஒரு பெண் தன் அம்மாவுக்கு முன்னால் பிறந்திருந்தாள். இரண்டையும் விட்டுவிட்டோம்.

இந்தக் கடையில் முதலாளி ஒருவர், கம்ப்யூட்டரில் உட்காரும் தம்பி ஒருவர், அவ்வளவுதான். முதல் நாள் நான் இரண்டு தாள்களைக் கொடுத்தேன். ஒன்று எங்கள் பங்காளி வீட்டில் வைத்திருந்த பட்டியல், இன்னொன்று சம்பந்தி அம்மா அனுப்பி மகள் தமிழில் எழுதித் தந்தது. அந்தத் தம்பி இரண்டையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஆச்சி, இவங்க பக்கம் நாலு மகன் நாலு மகள், பேரு, பிறந்த வருஷம், யாரைக் கட்டுனாங்க எல்லாம் இருக்கு. உங்க பக்கத்துல பொம்பளப் பிள்ளைகளே பிறக்கலையா?"

எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. பங்காளிப் பட்டியலில் அப்பா, மகன், பேரன், கொள்ளுப்பேரன், அவ்வளவுதான். மகள்கள் கட்டிக்கொடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்கள், பட்டியலிலிருந்தும் போய்விட்டார்கள். வந்த மருமகள்களுக்கும் பெயர் இல்லை. ஒரு புள்ளி என்றால் ஆணும் பெண்ணும் சேர்ந்ததுதானே, ஒரு பாதி மட்டும் எப்படிப் புள்ளியாகும்? அந்தத் தம்பி "நான் கட்டம் போட்டு இடம் விட்டு வைக்கிறேன் ஆச்சி, நீங்க பேரு கண்டுபிடிச்சுக் கொண்டாங்க, எத்தனை நாள் ஆனாலும் பரவாயில்ல" என்றார். இந்த ஒரு வார்த்தைக்காகவே நான் இந்தக் கடைக்கு ஐந்து நட்சத்திரம் கொடுப்பேன்.

ஐந்து வாரம் ஆனது. பெட்டகத்தில் கிடந்த இசைகுடிமானங்களை, அதாவது கல்யாணத்துக்கு எழுதும் ஒப்பந்தங்களை, எடுத்தோம், மொய் நோட்டுகளைப் புரட்டினோம். இரண்டாம் கட்டில் சாமான் அறையைத் திறந்து பித்தளைத் தவலைகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தோம், விளிம்பில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருப்பார்களே, அதற்காக. ஒரு தவலையில் புளி போட்டுத் தேய்த்த பிறகுதான் எழுத்து தெரிந்தது, எங்கள் வீட்டுக்காரரின் அப்பத்தாவுக்கு மாமியார் பெயர். அந்த அம்மா பெயர் வீட்டில் உயிரோடு இருக்கும் ஒருவருக்கும் தெரியாது. தவலைக்குத்தான் தெரிந்திருந்தது.

சரி, வலது பக்கத்து ஆள்கள் யார் என்று சொல்கிறேன், அது தெரிந்தால்தான் கடைக்காரர்களின் வேலை எவ்வளவு என்று புரியும்.

சம்பந்தி அம்மாவின் வழி ஆன் பிராட்ஸ்ட்ரீட் என்ற பெண்ணிடம் போய் நிற்கிறது. 1612இல் இங்கிலாந்தில் பிறந்தவள். அப்பா தாமஸ் டட்லி, லிங்கன் பிரபுவின் சொத்துகளை நிர்வாகம் பண்ணியவர், நம் பக்கத்து ஜமீன் காரியஸ்தர் மாதிரி. அவருக்குக் கீழே வேலை பார்த்த பையன் சைமன் பிராட்ஸ்ட்ரீட், கேம்பிரிட்ஜில் படித்தவர். நம் வட்டிக்கடை வழக்கில் முதலாள், அடுத்தாள் என்போமே, அதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். பதினாறு வயதில் ஆனுக்கு அம்மை போட்டது, பிழைத்து எழுந்தாள், அதை ஒட்டியே சைமனுக்குக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள்.

இவர்கள் பியூரிட்டன்கள். இங்கிலாந்துத் திருச்சபையில் இருக்கும் ஆடம்பரச் சடங்கெல்லாம் கூடாது, வேதத்தில் இருப்பதுபோலச் சுத்தப்படுத்த வேண்டும் என்று நின்றவர்கள். முதலாம் சார்லஸ் ராஜா காலத்தில் நெருக்கடி அதிகமானது. 1629இல் மாசசூசெட்ஸ் பே கம்பெனி என்ற பெயரில் ராஜசாசனம் வாங்கிக்கொண்டு, 1630இல் ஜான் வின்த்ரோப் தலைமையில் பதினோரு கப்பல்களில் சுமார் எழுநூறு பேர் கிளம்பினார்கள். முன்னால் போன கப்பலின் பெயர் ஆர்பெல்லா. அதில்தான் டட்லி, அவர் மனைவி, ஆன், சைமன் எல்லாரும். ஏப்ரலில் புறப்பட்டு ஜூன் 12இல் சேலத்தில் கரை சேர்ந்தார்கள்.

இந்த சேலம்தான் கடையில் ஒரு நாளைத் தின்றது. முதல் புரூஃபில் "சேலம்" என்று மட்டும் இருந்தது. முதலாளி அதைப் பார்த்துவிட்டு, "ஆச்சி, இவங்க சேலத்துக்கு எதுக்கு வந்தாங்க, நம்ம சேலத்துல இறங்க ஏது கடல்?" என்று உண்மையாகவே குழம்பிப் போனார். சாந்திக்கு வருபவர்களும் இதையேதான் கேட்பார்கள் என்று அவரே சொல்லி, எல்லா இடத்திலும் "சேலம், மாசசூசெட்ஸ்" என்று மாற்றிவிட்டார். கேட்டது நல்லதாகப் போயிற்று.

எங்கள் ஐயா (தாத்தா) பர்மாவில் மோல்மீனில் கடை வைத்திருந்தார். மூன்று வருஷம் ஒரு கணக்கு, கணக்கு முடிந்து ஊருக்கு வந்து கொஞ்ச காலம் இருந்துவிட்டுத் திரும்பப் போவார். ஆயா (பாட்டி) ஒரு தடவைகூட பர்மாவைப் பார்த்ததில்லை. ஆம்பிளைகள் கடல் தாண்டுவார்கள், பொம்பளைகள் வளவைப் பார்த்துக்கொள்வார்கள், சம்பாதித்தது தேக்காகவும் ரூபாயாகவும் ஊருக்கு வரும். எங்களுக்கு அதுதான் கடல் தாண்டுவது. இந்த பியூரிட்டன்கள் பெண்டு பிள்ளை, வேலைக்காரர், ஆடு மாடு எல்லாவற்றையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு, திரும்பி வருவதில்லை என்று போனவர்கள். பதினெட்டு வயதுப் பெண்ணை அப்படிக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

போன இடத்தில் சாப்பாடு இல்லை. அந்த முதல் வருஷத்திலேயே வந்தவர்களில் இருநூறு பேருக்குமேல் செத்துப்போனார்கள். கப்பலுக்கு யார் பெயரை வைத்தார்களோ அந்த ஆர்பெல்லா சீமாட்டியே இறங்கிய சில மாதங்களுக்குள் இறந்துவிட்டாள், அவள் புருஷன் அடுத்த மாதமே. டட்லி 1631 மார்ச்சில் லிங்கன் பிரபுவின் வீட்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். எழுத மேசை கிடையாது, தனி அறை கிடையாது, அடுப்படியில் நெருப்புப் பக்கம் உட்கார்ந்து முழங்காலில் தாளை வைத்து எழுதுகிறேன் என்று அதிலேயே சொல்லியிருக்கிறார். ஊரில் செல்வாக்காக இருந்த மனிதர், அம்பது வயதுக்கு மேலே ஆனவர். இதை மகள் போனில் வாசித்துச் சொன்னபோது நான் கடையில்தான் உட்கார்ந்திருந்தேன், ஸ்பீக்கரில் போட்டுத் தம்பியும் கேட்டார், வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

ஆன் பிற்காலத்தில் தன் பிள்ளைகளுக்கு என்று எழுதி வைத்த குறிப்பில், கல்யாணம் ஆகி இந்த நாட்டுக்கு வந்தேன், புது உலகம், புதுப் பழக்க வழக்கம், என் மனசு ஒப்பவில்லை, அப்புறம் இது தெய்வச் சித்தம் என்று தெளிந்த பிறகே அடங்கினேன் என்கிற மாதிரி எழுதியிருக்கிறாள். என் மகள் போன முதல் ஜனவரியில் போனில் பேசினதும் இதேதான், தெய்வச் சித்தம் என்கிற பகுதி மட்டும் வர இரண்டு வருஷம் ஆனது.

ரொம்ப நாள் பிள்ளை இல்லை. அதுவும் பெரிய துக்கமாக இருந்தது என்று அவளே எழுதியிருக்கிறாள். அப்புறம் சாமுவேல் பிறந்தான், அவனைத் தொடர்ந்து ஏழு பேர். டாரத்தி, சாரா, சைமன், ஹன்னா, மெர்சி, டட்லி, ஜான். பெயர்களைப் பாருங்கள். டாரத்தி என்பது ஆனின் அம்மா பெயர், அதாவது பிள்ளைக்கு ஆயா பெயர். சைமன் அப்பா பெயர். டட்லி என்று ஒரு மகனுக்கு வைத்தது ஆன் பிறந்த வீட்டுப் பெயர், ஐயா வீட்டுப் பெயரையே பேரனுக்கு வைத்திருக்கிறார்கள். நாம் மூத்தவனுக்கு அப்பா வழி ஐயா பெயர், அடுத்தவனுக்கு அம்மா வழி ஐயா பெயர் என்று விடுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இதைச் சொன்னதும் அந்தத் தம்பி தானாகவே ஒரு யோசனை செய்தார். எங்கெல்லாம் ஒரு பெயர் அடுத்த தலைமுறைக்கு இறங்கி வருகிறதோ அங்கெல்லாம் ஒரே நிறத்தில் எழுத்தைப் போட்டார். இடது பக்கத்தில் வள்ளியம்மை என்ற பெயர் ஐந்து தலைமுறையில் நாலு இடத்தில் அரக்கு நிறத்தில் இறங்குகிறது, வலது பக்கத்தில் டாரத்தி பச்சையில் இறங்குகிறது. நாங்கள் கேட்காமலே செய்தது இது.

டாரத்தி வழியில்தான் சம்பந்தி அம்மா வருகிறார். டாரத்தியை 1654இல் கட்டிக்கொண்டவர் பெயர் சீபார்ன் காட்டன். பாஸ்டனில் பெரிய போதகராக இருந்த ஜான் காட்டனின் மகன். அப்பாவும் அம்மாவும் 1633இல் கிரிஃபின் என்ற கப்பலில் வரும்போது நடுக்கடலில் பிறந்தவர், அதனால் கடலில் பிறந்தவன் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பியூரிட்டன்கள் பெயர் வைப்பதில் இப்படித்தான், கருணை, பொறுமை என்று குணங்களையே பெண் பிள்ளைகளுக்குப் பெயராக வைப்பார்கள், மெர்சியும் அப்படி வந்ததுதான். தமிழில் மொழிபெயர்க்கலாமா என்று பேச்சு வந்தது, வேண்டாம், பெயர் பெயராகவே இருக்கட்டும் என்று முதலாளி சொன்னார். சீபார்னுக்கு மட்டும் கீழே பொடி எழுத்தில் "கடலில் பிறந்தவர், 1633" என்று போட்டிருக்கிறது. சாந்திக்கு வந்த பிள்ளைகள் எல்லாம் முதலில் போய் நின்றது அந்த எழுத்துக்கிட்டத்தான்.

கடைக்காரர்களுக்கு உண்மையான தலைவலி கொடுத்தது இரண்டு விஷயம்.

ஒன்று, டட்லி. முதல் மனைவி 1643இல் இறந்த பிறகு அடுத்த வருஷமே மறுகல்யாணம் செய்துகொண்டு எழுபது வயதில் மூன்று பிள்ளை பெற்றார். அதில் ஜோசப் பிறந்தது 1647இல். ஆனுக்குத் தம்பி முறை, ஆனால் ஆனின் மூத்த மகனைவிட ரொம்பச் சின்னவன். நம் வீடுகளிலும் மருமகனைவிட இளைய மாமன் உண்டு, பேச்சில் அது எளிது, படத்தில் எந்த வரிசையில் வைப்பது? தலைமுறைப்படி வைத்தால் கோடு குறுக்கே போகிறது, வருஷப்படி வைத்தால் மாமன் மருமகனாகிவிடுகிறான். மூன்று தடவை மாற்றிப் போட்டு, கடைசியில் முறைதான் முக்கியம் என்று தலைமுறைப்படி வைத்து, கோட்டை வளைத்துக் கொண்டுபோனார்கள். சைமனுக்கும் ஆன் போன பிறகு 1676இல் இரண்டாம் கல்யாணம், அந்த அம்மா பெயரும் ஆன். அதற்கும் ஒரு குறி போட வேண்டியிருந்தது.

இன்னொன்று, வருஷம். சைமன் பிறந்தது 1603/4 என்று சம்பந்தி அம்மா எழுதியிருந்தார். தம்பி இதை எழுத்துப் பிழை என்று நினைத்து 1603 என்று திருத்திவிட்டார். பிழை இல்லை. அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் புது வருஷம் பிறப்பது மார்ச் 25இல், 1752இல்தான் ஜனவரி 1க்கு மாற்றினார்கள். அதனால் ஜனவரியிலிருந்து மார்ச் 24 வரை பிறந்தவர்களுக்கு இரண்டு வருஷமும் போட்டுத்தான் எழுதுவார்கள். சைமனுக்கு ஞானஸ்நானம் ஆனது மார்ச் 18. எங்கள் பக்கமும் இதற்குச் சளைத்ததில்லை, இசைகுடிமானத்தில் "துன்முகி வருஷம் தை மாசம்" என்று மட்டும் இருக்கும். அறுபது வருஷத்துக்கு ஒரு முறை துன்முகி வரும். 1956-57ஆ, 1896-97ஆ? காகிதத்தையும், மாப்பிள்ளை பெண் வீட்டார் பெயர்களையும் வைத்துத்தான் 1897 தை என்று முடிவு பண்ணினோம். ஆக இரண்டு பக்கமும் எழுதியிருக்கிறபடியே வருஷத்தைப் போட்டு, அடைப்புக்குள் இப்போதைய கணக்கைக் கொடுப்பது என்று கடையில் ஒரு ஒழுங்கு வைத்துக்கொண்டார்கள். யாரும் கேட்காமல் ஒரு பிரிண்டிங் கடை இவ்வளவு யோசிக்குமா என்று எங்கள் வீட்டுக்காரரே ஆச்சரியப்பட்டார்.

பிழை இல்லாமல் முடிந்துவிடவில்லை. ஆன் வீடு எரிந்த வருஷம் 1666. முதல் கேன்வாஸில் அது 1966 என்று வந்துவிட்டது. வாட்ஸ்ஆப்பில் அனுப்பிய புரூஃபில் சரியாகத்தான் இருந்தது, அப்புறம் எதையோ நகர்த்தும்போது தட்டு மாறியிருக்கிறது. நான் கண்ணாடி போட்டுக்கொண்டு கடையிலேயே விரித்துப் படித்ததால் தெரிந்தது. ஒரு பேச்சு மறு பேச்சு இல்லாமல் தங்கள் செலவில் மறுபடி அடித்துக் கொடுத்தார்கள், நாலு நாள் தாமதம் அதனால்தான். "ஸ்ட்ரீ" என்ற எழுத்தும் முதலில் பிரிந்து பிரிந்து வந்தது, எழுத்துரு மாற்றிய பிறகு சரியானது. இன்னொரு குறை, அவர்கள் கொடுக்கும் ஃபைபர் ஃபிரேம் இந்த வேலைக்குப் பொருந்தவில்லை, நாங்கள் துணியை மட்டும் வாங்கி ஆசாரியிடம் கொடுத்துப் பழைய தேக்குச் சட்டத்தில் அடித்துக்கொண்டோம். நீங்களும் அப்படியே செய்யுங்கள். பளபளப்பு கேன்வாஸ் வேண்டாம், வளவில் வானவெளியிலிருந்து வெளிச்சம் நேராக விழும், எழுத்தே தெரியாது. மங்கலானதைக் கேட்டு வாங்குங்கள்.

வீடு எரிந்தது என்றேனே, அதைச் சொல்ல வேண்டும். ஆண்டோவர் என்ற ஊரில் அவர்கள் கடைசியாகக் குடியேறினார்கள், இப்போது அந்த இடத்துக்கு நார்த் ஆண்டோவர் என்று பெயர். 1666 ஜூலை 10 ராத்திரி வீடு பற்றிக்கொண்டது, எல்லாம் போயிற்று, புத்தகங்கள் எல்லாம் போயிற்று. ஆன் கவிதை எழுதுகிறவள். அவள் தங்கை புருஷன் ஜான் உட்பிரிட்ஜ் அவளுக்குத் தெரியாமலே கையெழுத்துப் பிரதியை லண்டனுக்குக் கொண்டுபோய் 1650இல் புத்தகமாகப் போட்டுவிட்டார், அமெரிக்காவில் குடியேறியவர்களில் அச்சில் கவிதைப் புத்தகம் வந்த முதல் ஆள் இந்த எட்டுப் பிள்ளைக்காரிதான். எரிந்த வீட்டைப் பற்றியும் எழுதியிருக்கிறாள். அந்த இடத்தைத் தாண்டிப் போகும்போது கண் தானாகத் திரும்புகிறது, இங்கேதான் உட்கார்ந்தேன், இங்கேதான் படுத்தேன், இங்கே அந்தப் பெட்டி நின்றது என்று. எனக்கு இதைக் கேட்டதும் எங்கள் ஆத்தா வீடு ஞாபகம் வந்தது. பங்காளிகள் பிரித்து விற்று, தூணும் கதவும் லாரியில் போன பிறகு வெறும் ஆத்தங்குடிக் கல் மட்டும் வெயிலில் கிடந்தது, ஆத்தா அந்தத் தெரு வழியாகப் போவதையே விட்டுவிட்டாள்.

பிள்ளைகளைப் பற்றியும் ஒன்று எழுதியிருக்கிறாள், ஒரே கூட்டில் எட்டுக் குஞ்சு, நாலு சேவல் நாலு பெட்டை, ஒவ்வொன்றாகப் பறந்து எங்கெங்கோ போய்விட்டன என்று. மூத்தவன் சாமுவேல் ஹார்வர்டில் 1653இல் படிப்பை முடித்து இங்கிலாந்துக்குப் போனான், திரும்பி வந்தான், பிறகு ஜமைக்காவில் டாக்டராக இருந்து அங்கேயே இறந்தான். ஆன் 1672 செப்டம்பர் 16இல் போய்ச் சேர்ந்தாள். எந்தக் குழியில் கிடக்கிறாள் என்று இன்றைக்கும் அடையாளம் இல்லை. புருஷன் சைமன் 1679இல் மாசசூசெட்ஸ் கவர்னரானார், தொண்ணூற்று மூன்று வயது வரை இருந்து 1697இல் சேலத்தில் இறந்தார். அவருக்குக் கல்லறை இருக்கிறது.

படத்தில் போட வேண்டாம் என்று நான் நினைத்த இரண்டு விஷயத்தை மாப்பிள்ளை போடச் சொன்னார். 1692இல் அந்தப் பக்கம் சூனியக்காரர்கள் என்று சொல்லி ஆள்களைத் தூக்கில் போட்டார்கள். அப்போது மகன் டட்லி அந்த ஊர் மாஜிஸ்திரேட். ஆளைப் பிடிக்க முதலில் நிறைய வாரண்ட் போட்டவரும் அவர்தான், ஒரு கட்டத்தில் இனிமேல் போடமாட்டேன் என்று மறுத்தவரும் அவர்தான். உடனே அவர்மேலும் அவர் மனைவிமேலும் அதே பழி வந்தது, ஊரைவிட்டு ஓடினார்கள். தம்பி ஜான்மேல் ஒரு நாய்க்குச் சூனியம் வைத்ததாகப் பழி, அவரும் ஓடிப்போனார். இரண்டாவது, ஆண்டோவர் நிலம். அந்த ஊர் நிலம் முழுவதையும் அந்த மண்ணின் தலைவர் கட்ஷமாச்சியிடம் ஆறு பவுண்டுக்கும் ஒரு மேல்சட்டைக்கும் வாங்கியதாக 1646 பத்திரம். வாங்கியவர் அதே உட்பிரிட்ஜ், மைத்துனிச்சி கவிதையை எடுத்துக்கொண்டு போனவர். மாப்பிள்ளை போனிலேயே சொன்னார், "அத்தை, வீட்டு மரத்துல நல்லது மட்டும் எழுதினா அது மரமில்ல, பேனர்" என்று, அவர் தமிழில் அவ்வளவு நீளம் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான். இரண்டையும் ஓரத்தில் குறிப்பாகப் போட்டிருக்கிறது. அவர் சொன்ன பிறகு எங்கள் பக்கத்திலும் ஒரு வரி சேர்த்தோம், 1942இல் பர்மாவிலிருந்து நடந்தே கிளம்பி வழியில் இறந்துபோன எங்கள் பெரியையாவைப் பற்றி. அதுவரைக்கும் அவரை வீட்டில் யாரும் பேச மாட்டார்கள்.

சாந்தி அன்றைக்கு முகப்பைத் தாண்டி வளவில் வலது கைப் பக்கச் சுவரில் மாட்டினோம். சம்பந்தி அம்மா புடவை கட்டிக்கொண்டு வந்து, தமிழ் எழுத்து படிக்கத் தெரியாது, பச்சை நிறத்தை மட்டும் பிடித்துக்கொண்டு விரலால் ஒவ்வொரு டாரத்தியாகக் கீழே இறங்கித் தன் பெயரில் வந்து நின்றார். எங்கள் வீட்டுக்காரரின் அத்தைக்கு எண்பத்து நாலு வயது, எழுத்துக் கூட்டித்தான் படிப்பார்கள். ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு இடது பக்கத்தில் உட்கார்ந்து மேலேயிருந்து கீழே படித்துக்கொண்டே வந்தவர்கள், ஒரு இடத்தில் நிறுத்தி, "இது எங்க ஆத்தா பேரு, இதை யாரு எழுதுனா?" என்று கேட்டார்கள். சாப்பாட்டுக்கு மூன்று பந்தி முடியும் வரை அங்கேயிருந்து எழுந்திருக்கவில்லை, வருகிற போகிறவர்களைக் கூப்பிட்டு அந்தக் கட்டத்தைக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

செலவுக் கணக்கு: வடிவமைப்புக்கு 3,500 ரூபாய், கேன்வாஸ் பிரிண்ட் 4,200 ரூபாய். மகளுக்கு இரண்டாவது பிரதி எடுத்தோம், வடிவமைப்புக் கூலி மறுபடி வாங்கவில்லை. குழாயில் சுருட்டிக் கொடுத்தார்கள், விமானத்தில் மடியாமல் போய்ச் சேர்ந்தது. கோப்பையும் பென்டிரைவில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், தருகிறார்கள்.

போகிறவர்களுக்கு: பெயர்ப் பட்டியலைப் பேச்சில் சொல்லாதீர்கள், நோட்டில் தெளிவாக எழுதிக்கொண்டு போங்கள், ழகர ளகரம் பார்த்து எழுதுங்கள். வீட்டுப் பெண்கள் பெயரைத் தேடி எடுத்துக்கொண்டு போங்கள், இல்லாவிட்டால் அந்தத் தம்பி கேட்பார். மத்தியானம் இரண்டிலிருந்து நாலு வரை கடை மூடியிருக்கும். வைகாசி, ஆவணி முகூர்த்த மாதங்களில் பத்திரிகை வேலை நெருக்கும், இரண்டு மாதம் முன்னாலேயே சொல்லி வையுங்கள். எங்கள் படத்தில் மகள் பெயருக்குக் கீழே இரண்டு கட்டம் காலியாக விட்டிருக்கிறார்கள், பிள்ளை பிறந்தால் பெயரையும் தேதியையும் வாட்ஸ்ஆப்பில் அனுப்புங்கள், அந்த இடத்துக்கு மட்டும் துண்டு அடித்து ஒட்டித் தருகிறோம், காசு வேண்டாம் என்று முதலாளி சொல்லியிருக்கிறார்.